நானே செஞ்சு பார்த்திருக்கேன்

கண்மாய்க்கரைப் பண்ணையில் சலேத்மேரியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. நாலு ஏக்கரில் பதினெட்டு வருஷமாக விவசாயம் செய்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர விரும்பும் விவசாயிகளைக் கூட்டிவைத்துப் பயிற்சி நடத்தினார். அவ்வளவுதான். தனக்குச் சீடர் என்று யாரையும் அவர் சொன்னதில்லை. சேவுகன் மட்டும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டார்.

சேவுகனுக்கு வயது ஐம்பத்தாறு. டீச்சரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முப்பது வருஷம் பேருந்தில் நடத்துநராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். ஒரு நாள் பயிற்சிக்கு என்று வந்து, மூன்று வருஷமாகப் பண்ணையிலேயே கூடமாட வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய குரலுக்கு மைக் வேண்டியதில்லை. கூட்டம் பிதுங்கும் வண்டியில் கடைசி சீட்டு வரைக்கும் போய்ப் பழகிய குரல்.

தை மாதப் பயிற்சியன்று டீச்சர் ஊரில் இல்லை. தங்கை மகள் கல்யாணம்.

“நீங்க நடத்துறீங்களா அண்ணே?” என்று கேட்டார்.

இதற்காகத்தான் மூன்று வருஷமும் காத்திருந்தோம் என்று சேவுகனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நெல்லுக்குப் பின் உளுந்து, மண்மேல் வைக்கோல் பரப்பும் மூடாக்கு முறை. இதுதான் தலைப்பு. நாற்பது பேர் வந்திருந்தார்கள். பதினோரு குறிப்புகளை வரிசையாகச் சொன்னார். இடையிடையே சிரிக்க வைத்தார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். முடிகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

“எங்க கிணத்துத் தண்ணி உப்புங்க சார். அதுக்கும் உளுந்து வருமா?”

டீச்சரின் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சி சேவுகன் பார்த்ததே இல்லை. தெரியலம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாற்பது முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு தடவைகூடத் தடுமாறாமல் அதுவரை வந்திருந்தார்.

“தாராளமா வரும்மா. நானே செஞ்சு பார்த்திருக்கேன்.”

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டில் எழுதினார். கைதட்டினார்கள். சாப்பாட்டுப் பந்தி தொடங்கியபோது சேவுகன் அதை மறந்திருந்தார்.

வைகாசி பிறந்ததும் டீச்சர் அடுத்த மூன்று மாதப் பயிற்சிகளைக் கொட்டகைக் கரும்பலகையில் எழுதினார். ஆனியில் மூடாக்கு, ஆடியில் விதைத் தேர்வு, ஆவணியில் மண்புழு உரம். முதலாவதற்கு நேரே சேவுகன் பெயரை எழுதிவிட்டு, “தை மாசம் வந்தவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிருங்கண்ணே” என்றார்.

சேவுகன் சந்தோஷமாகக் கூப்பிட ஆரம்பித்தார். இருபது பேருக்கு மேல் பேசியாயிற்று. அடுத்த எண்ணில் ஒரு பெண் குரல்.

“சார், நீங்களா? நான் மங்களேஸ்வரி. உப்புத் தண்ணி பத்திக் கேட்டேனே.”

“ஆமாம்மா. ஆனி மாசம் மறுபடி பயிற்சி வச்சிருக்கோம்.”

“கட்டாயம் வர்றேன் சார். நானே கேக்கணும்னு இருந்தேன். வழக்கமா மாசியில பருத்திதான் போடுவோம். இந்த வருஷம் உளுந்து போட்டேன். நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன். வைக்கோலைக்கூட நீங்க சொன்ன கனத்துலதான் பரப்பினேன். நல்லாத்தான் முளைச்சுச்சு. மூணாவது எலை விடுறப்ப ஓரமெல்லாம் கருகிருச்சு. ஒரு மாசத்துக்குள்ள ஒன்றரை ஏக்கரும் போச்சு.”

சேவுகன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“வீட்டுக்காரருக்குக் கோபம். பயிற்சிக்குப் போறேன்னு போயி காட்டைப் பாழாக்கிட்டாளேன்னு டீக்கடை வரைக்கும் சொல்லிட்டார். இனிமே வெதைக்கிற விஷயத்துல நீ வாயத் தொறக்கக் கூடாதுங்கிறார். பரவாயில்ல சார். உங்களுக்கு வந்திருக்குன்னா எனக்கும் வந்திருக்கணுமில்ல? அப்ப என் கையிலதான் என்னமோ கோளாறு. அது எதுன்னு மட்டும் சொல்லிக்கொடுங்க.”

“வாங்கம்மா. பார்ப்போம்” என்றார் சேவுகன்.

தன் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. போனைக் கீழே வைத்தார். மீதி எண்களைக் கூப்பிடவில்லை.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். மழை, மண், விதை என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அந்தப் பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாள். எதைக் கொண்டு அதைச் சமாளிப்பது?

டீச்சர் கொட்டகைக்குப் பின்னால் விதைக் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். சேவுகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கல் பொறுக்கினார்.

“டீச்சர், தெரியாததைத் தெரியும்னு ஒருத்தர் சொல்லிட்டா, அதுக்குப் பரிகாரம் என்ன?”

“யாரு?”

“பொதுவா கேட்டேன்.”

“பொதுவா ஒருத்தரையும் எனக்குத் தெரியாதேண்ணே” என்றார் டீச்சர். சொல்லிவிட்டுத் தொடர்ந்து புடைத்தார்.

சேவுகன் எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் அவர் பண்ணைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். கரும்பலகையைப் பார்க்காமல் நின்றுகொண்டு சொன்னார்.

“ஆனி மாசத்துக்கு வேற தலைப்பு வச்சுக்கலாமா டீச்சர்? நீங்களே எதையாவது எடுங்க. எனக்கு உடம்பு சரியில்ல.”

டீச்சர் அழிக்கும் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“உங்க பேரு. நீங்களே அழிச்சிருங்க.”

சேவுகன் பலகைக்கு முன்னால் போய் நின்றார். துணியைப் பெயர்மேல் வைத்தார். அழித்துவிட்டால் அந்தப் பெண் வரமாட்டாள். தன் கையில் கோளாறு என்று நினைத்துக்கொண்டே மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. இதை நினைத்ததும் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. லேசானதை உணர்ந்ததும் அவருக்குக் காது இரண்டும் சூடேறியது.

துணியை எடுத்துவிட்டார். திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் கேட்டது, தான் சொன்னது, ஒன்றரை ஏக்கர், டீக்கடை, கை கோளாறு.

டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டார்.

“என்கிட்ட ஏன் சொல்றீங்க? அன்னைக்கு நான் அங்க இல்லையேண்ணே” என்றார்.

சேவுகன் திரும்பிப் பார்த்தார். டீச்சர் புடைத்த கொள்ளைச் சாக்கில் கொட்டக் கிளம்பிவிட்டார். திட்டுவார் என்று நினைத்திருந்தார். திட்டு வாங்கிவிட்டால் அத்தோடு தீர்ந்தது என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை மங்களேஸ்வரியின் ஊருக்குப் பேருந்து ஏறினார். வண்டியில் இருந்த நடத்துநர் பழைய ஆள்.

“அண்ணே, விவசாயிங்களுக்கெல்லாம் பயிற்சி எடுக்கிறீங்களாமே! பெரிய ஆளாயிட்டீங்க” என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சேவுகன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மங்களேஸ்வரி வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது. சேவுகனைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“சார்! வீடு தேடி வந்துட்டீங்களே. உக்காருங்க, காப்பி போடுறேன்.”

“காப்பியெல்லாம் அப்புறம். காட்டைப் பார்க்கலாமா?”

உளுந்து போட்ட காடு பக்கத்தில்தான் இருந்தது. வைக்கோல் இன்னும் அப்படியே கிடந்தது. வெயிலில் வெளுத்து, ஓரத்தில் ஆடு கலைத்து, ஆனாலும் வரிசை மாறாமல் கிடந்தது. எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பரப்பியிருக்கிறாள் என்று தெரிந்தது. தானே இவ்வளவு ஒழுங்காகப் பரப்பியதில்லை. சேவுகன் குனிந்து ஒரு பிடி வைக்கோலை விலக்கினார். காய்ந்த தண்டுகள் குச்சி குச்சியாக நின்றன. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

கிணற்றடிக்குப் போனார். மோட்டார் போடச் சொன்னார். குழாயில் விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டார். தொண்டைக்குள் இறக்க முடியவில்லை.

“இதையா பாய்ச்சினீங்க?”

“இதுதானே சார் இருக்கு. உங்க கிணறும் இப்படித்தானே?”

மோட்டாரை நிறுத்தச் சொன்னார் சேவுகன். சத்தம் அடங்கியது.

“பண்ணைக் கிணறு இப்படி இல்லம்மா. உப்புத் தண்ணியில நான் ஒரு செடிகூட வச்சதில்ல. அன்னைக்கு எனக்குத் தெரியாது. எல்லாரும் இருக்காங்களேன்னு வாய் கூசாமச் சொல்லிட்டேன். நான் செஞ்சு பார்த்தேன்னு சொன்னது பொய்.”

மங்களேஸ்வரி அவரையே பார்த்தார்.

“அப்ப என் கை சரியாத்தான் இருந்துச்சா?”

“சரியாத்தாம்மா இருந்துச்சு.”

மங்களேஸ்வரி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். சேவுகன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரவும் தோன்றவில்லை, போகவும் தோன்றவில்லை.

“மூணு மாசம் சார்” என்றார் மங்களேஸ்வரி. குரல் இப்போது மாறியிருந்தது. “மூணு மாசமா ஒவ்வொரு நாளும் நெனச்சுப் பார்த்தேன். வெதையை ரொம்ப நேரம் ஊற வச்சுட்டோமா, தண்ணியை ஒரு நாள் தள்ளிப் பாய்ச்சிட்டோமா, காலையில விட்டிருக்கணுமா, சாயங்காலம் விட்டிருக்கணுமான்னு. சோறு தின்னுறப்பகூட அதே நெனப்பு. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பருத்தியைப் போட்டுட்டுப் போயிருப்பேனே.”

“ஆமாம்மா.”

“ஆமாங்கிறீங்க.”

சேவுகன் காட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். “உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிட்டுப் போகட்டுமா? உங்க தப்பில்லன்னு?”

மங்களேஸ்வரி யோசித்தார். எழுந்து சேலையைத் தட்டிவிட்டார்.

“வேணாம். அவர் என்னை வீட்டுக்குள்ள வச்சுச் சொல்லல, ஊருக்குள்ள சொன்னார். நீங்களும் எனக்கு அதை ரகசியமாச் சொல்லல, நாப்பது பேருக்கு முன்னாடி சொன்னீங்க. ஆனி மாசம் பயிற்சி இருக்குல்ல? அவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அங்க சொல்லுங்க.”

சேவுகன் தலையசைத்தார். காப்பி குடிக்கச் சொல்லி யாரும் மறுபடி கூப்பிடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மீதி இருந்தவர்களுக்கும் போன் போட்டார். “தை மாசம் வந்தவங்க எல்லாரும் தவறாம வாங்க” என்று சொன்னார். ஏன் என்று கேட்டவர்களிடம், “வாங்க, சொல்றேன்” என்றார்.

ஆனி இரண்டாம் ஞாயிறு. கொட்டகையில் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். மங்களேஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் துரைச்சிங்கம், கையைக் கட்டிக்கொண்டு. டீச்சர் பின்னால் பாயில், வந்தவர்களோடு வந்தவராக இருந்தார்.

சேவுகன் எழுந்து நின்றார். வணக்கம் சொன்னார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

“கேக்கலண்ணே” என்றது பின்வரிசை.

சேவுகனின் வாழ்க்கையில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் சொன்னதில்லை. இரண்டாவது தடவை, முதலிலிருந்து, சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

“தை மாசம் இந்தம்மா உப்புத் தண்ணிக்கு உளுந்து வருமான்னு கேட்டாங்க. வரும், நானே செஞ்சு பார்த்திருக்கேன்னு சொன்னேன். நான் செஞ்சு பார்க்கல. அது பொய். என் பேச்சைக் கேட்டு இவங்க போட்ட ஒன்றரை ஏக்கர் கருகிப்போச்சு. இவங்க ஒரு தப்பும் செய்யல. தப்பு என்னோடது.”

துரைச்சிங்கம் கட்டிய கையை அவிழ்த்தார்.

“இதுக்குப் பேருதான் பயிற்சியாங்க? ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பொய் சொல்றதா?” என்று கேட்டார்.

துரைச்சிங்கம் எழுந்து வெளியே போனார். வாசல் வரைக்கும் போனவர் அங்கேயே தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். மனைவி பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

இன்னொருவர் நோட்டை விரித்தபடி எழுந்தார். “அன்னைக்கு பதினோரு குறிப்பு சொன்னீங்க. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். இதுல நீங்க செஞ்சு பார்த்தது எது, செய்யாதது எது?”

இந்தக் கேள்வியை சேவுகன் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் ஒவ்வொன்றாக வாசித்தார். சேவுகன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

“செஞ்சிருக்கேன்.”

“இது படிச்சது.”

“இதுவும் படிச்சது.”

“இது டீச்சர் செஞ்சது. நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்.”

“இது யாரோ சொன்னது. யாருன்னு ஞாபகமில்ல.”

பதினொன்றில் நாலு தேறியது. பேனாக்கள் தாளில் குறுக்கே கீறும் சத்தம் கேட்டது. ஏழு தடவை கேட்டது. நாலைந்து பேர் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு அந்தப் பண்ணைக்கு வரவே இல்லை.

“அப்ப உப்புத் தண்ணிக்கு என்னதான் வழி? எங்க கிணறும் அதேதான்” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“தெரியலங்க” என்றார் சேவுகன்.

எல்லோரும் பின்னால் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள்.

“எனக்கும் தெரியாதுங்க. என் கிணறு நல்ல தண்ணி” என்றார் டீச்சர்.

கொட்டகைக்கு வெளியே ஒரு டிராக்டர் போய் ஓய்ந்தது. மங்களேஸ்வரி உட்கார்ந்த இடத்திலிருந்தே, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

“எல்லாம் ஒண்ணா சாகல.”

“என்னம்மா?” என்றார் பெரியவர்.

“எல்லாச் செடியும் ஒண்ணா சாகலங்க. பார் பிடிச்சு மண்ணை மேடாக்கியிருந்தேன், அந்த மேட்டுல போட்டதுதான் முதல்ல போச்சு. அங்கதான் உப்பு வெள்ளையாப் பூத்துக் கெடந்துச்சு. கைதவறிச் சரிவுல விழுந்த வெதை இன்னும் இருபது நாள் தாங்குச்சு. உளுந்துல நாலஞ்சு தட்டைப்பயறு கலந்திருந்துச்சு போல. அது சாகவே இல்ல. காய்ச்சுது. கொஞ்சமாத்தான், ஆனா காய்ச்சுது.”

பெரியவர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். “எந்தப் பக்கத்துச் சரிவு? எவ்வளவு கீழ?”

மங்களேஸ்வரி எழுந்தார். கையால் காற்றில் பார் பிடித்துக் காட்டினார். இன்னும் மூன்று நாற்காலிகள் திரும்பின. ஒருவர் தண்ணீர் விட்ட இடைவெளியைக் கேட்டார். மங்களேஸ்வரி நாள் கணக்காகச் சொன்னார். மூன்று மாதமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணிய நாட்கள், ஒன்றுகூட மறக்கவில்லை. “இதெல்லாம் நான் பார்த்தது. இதுதான் சரின்னு சொல்லல” என்று நடுநடுவே சொல்லிக்கொண்டார்.

தூணில் சாய்ந்திருந்த துரைச்சிங்கம் வாசலைத் தாண்டி ஓரடி உள்ளே வந்து நின்றார்.

சேவுகன் நின்ற இடம் இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. மெல்ல நகர்ந்து பின்னால் போனார். பாயில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். முன்னால் மங்களேஸ்வரி பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் ஒவ்வொரு முறை ‘கருகிப்போச்சு’ என்று சொல்லும்போதும் சேவுகன் இன்னும் குனிந்தார்.

“தலையைத் தூக்க முடியல டீச்சர்” என்றார், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி.

டீச்சர் தன் மடியிலிருந்த நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

“தூக்க வேணாம்ணே. எழுதுறவங்க குனிஞ்சுதான் இருக்கணும்.”